சோபாவில் விழுந்த மஞ்சத்தண்ணி

ஜூலை 29, செவ்வாய்

சோபா வந்துவிட்டது. நாலு பேர் தூக்கி வந்து, வாசக்காலில் இடித்து, திருப்பி, மறுபடி இடித்து, ஒருவழியாக ஹாலில் வைத்துவிட்டுப் போனார்கள். வாசக்காலில் கீறல். சோபாவுக்கு ஒன்றுமில்லை. யுவா அப்போதுதான் மூச்சே விட்டாள்.

ஆடிட்டர் ஆபீஸ் சம்பளத்தில் அவள் வாங்கிய முதல் பெரிய சாமான். நிறம் பால் ஏடு மாதிரி. "புழுதி பறக்கற ஊர்ல இந்தக் கலரா?" என்றேன். "புடிச்சிருக்கும்மா" என்றாள். அவ்வளவுதான். என் மகள் யுவஸ்ரீ எதற்கும் இரண்டாவது வாக்கியம் சொல்லமாட்டாள், அவள் அப்பாவைப் போல.

பக்கத்து வீட்டு ராமாயி அக்கா வந்து பார்த்தது. "ஆடியிலயா சோபா வாங்குனீங்க?" என்றது. "ஆடியிலதானுங்க்கா தள்ளுபடி" என்றேன்.

பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். எங்கள் சொந்தத்தில் சோபா வாங்கியவர்கள் எல்லாரும் பத்து வருஷம் பிளாஸ்டிக் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே துணி என்ன நிறம் என்று பேரப்பிள்ளைகளுக்குத்தான் தெரியும். யுவா கேட்கவில்லை, பட்டென்று கிழித்துவிட்டாள்.

எல்லாரும் தூங்கப்போன பிறகு டார்ச் அடித்து அடியில் பார்த்தேன். கறுப்புத் துணி, ஸ்டேப்ளர் பின் வரிசை. ரவிக்கை தைக்கிறவளுக்கு எதைக் கண்டாலும் உள்தையலைப் பார்த்தாக வேண்டும். அதற்குள்ளே என்ன இருக்கும்? ஸ்பிரிங்கா, ஸ்பாஞ்சா?

ஆகஸ்ட் 2, சனி

நங்கையா போன் செய்தார்! எங்கள் தெரு மாரியம்மன் பண்டிகைக்கு வருகிறாராம், மகனையும் கூட்டிக்கொண்டு.

பெருமாயி நங்கையா என் நாத்தனார், வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அக்கா. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. யுவா பெரியவளானபோது செய்த சீருக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டோம் என்று கோபித்துக்கொண்டு போனவர். ஆறேழு வருஷம் போக்குவரத்தே இல்லை. ஒரே அக்கா. இவர் வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பார். இன்று என்னிடம் மூன்று தரம் வந்து "அக்கா வருது" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என்னத்தச் சொல்ல. வயிறு எரியுது.

பண்டிகையின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. தெருவெல்லாம் மஞ்சள். முறைக்காரர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஊற்றிக்கொண்டு ஓடினார்கள். நானும் என் கொழுந்தனார் மேல் ஒரு குடம் ஊற்றினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வயசுப் பிள்ளைகள் விஷயம் வேறு. அத்தை மகன் மாமன் மகள் மேல் ஊற்றினால் பார்க்கிறவர்கள் சும்மா விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

நங்கையா தன் கையாலேயே ஒரு சொம்பு மஞ்சள் கரைத்தார். திக்காக, குழம்பு மாதிரி. மகன் தமிழரசு கையில் கொடுத்து, "போயி உன்ற மொறைப்பொண்ணு மேல ஊத்திட்டு வாடா" என்றார். அந்தப் பையன் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு உள்ளே போனான். நாங்கள் எல்லாரும் வாசலில். யுவா ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் பால் ஏடு நிறச் சோபாவில் மஞ்சள் குளம்! யுவா சுவரோரம் நிற்கிறாள். அவன் காலிச் சொம்போடு நிற்கிறான். நங்கையா கையைத் தட்டினார். "ஊத்தியாச்சு! அப்பறமென்ன, ஆவணியில நாள் பாத்தர்லாம்" என்றார். இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நங்கையா கையைப் பிடித்துக்கொண்டார். "கழுவாத வசந்தா. அம்மன் மஞ்சத்தண்ணி. அது பட்ட எடம் நல்லா இருக்கும்."

சோபா நல்லா இருக்குமா? அந்தப் புள்ள முதல் சம்பாத்தியம். அதப் பத்தி ஒருத்தருக்கும் அக்கறையில்ல.

ஆகஸ்ட் 11, திங்கள்

நங்கையா ஊருக்குப் போனதும் முதல் வேலையாகச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள், ரத்தச் சிவப்பாக மாறியது. அலறிவிட்டேன். ராமாயி அக்கா ஓடி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. "அம்மன் குத்தம்டி! கழுவக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

நானும் துணியைக் கீழே போட்டுவிட்டேன். பிறகு மண்டைக்குள் ஏதோ பொறி தட்டியது. மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் ஆரத்தி. அதே சிவப்பு! எத்தனை கல்யாணத்துக்குக் கரைத்திருக்கிறேன். சோப்பும் சுண்ணாம்பும் ஒரே ஜாதி போலிருக்கிறது.

"அக்கா, சோபாவுக்கு ஆரத்தி எடுத்திருக்கறேன், வேற ஒண்ணுமில்ல" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

மத்தியானம் ஒரு ரவிக்கையும் தைக்கவில்லை. வெட்டுத்துணிகளை மஞ்சளில் முக்கி, ஒன்றில் சோப்பு, ஒன்றில் சோடா உப்பு, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் தயிர்கூட, ஒன்று மட்டும் ஒன்றும் போடாமல். மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகப் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜல்லிக்கல் வைத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எலுமிச்சை பட்டதும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. நிறம் அங்கிட்டும் இங்கிட்டும் போகிறதே தவிர, வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

நங்கையா இவருக்குப் போன். ஜோசியரைப் பார்க்கப் போகிறாராம். இவர் "சரிக்கா, சரிக்கா" என்கிறார்.

"ஏனுங்க, பொண்ணைக் கேக்க வேண்டாமா?" என்றேன்.

"என்ன கேக்கறது? பையன் தங்கம். பண்ணையை அவந்தான் பாக்கறான். மஞ்சத்தண்ணியே ஊத்தியாச்சு. இப்பப் போயி மாட்டேன்னா அக்கா இந்த சென்மத்துல இந்த வாசப்படி மிதிக்காது."

அதுவும் நிஜம்தான். தமிழரசு மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. யுவா சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "அந்தக் கறை போகணும்மா."

சோபாவுக்காகச் சொல்கிறாளா, இதுக்காகச் சொல்கிறாளா? ஒரே வாக்கியம். நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

ஆகஸ்ட் 15, வெள்ளி

சோபா சுத்தம் செய்கிறவர் என்று ஒரு நம்பர் கிடைத்தது. மிஷின் கொண்டுவந்து உறிஞ்சி எடுப்பாராம். போன் செய்தேன்.

"என்ன கறைங்க?"

"மஞ்சளுங்க."

"சமையல் மஞ்சளா, கோயில் மஞ்சளா?"

"கோயில் மஞ்சள்."

"அதுல நாங்க கை வெக்கறதில்லைங்க. போகலைன்னா உங்களுக்குக் கோவம். போயிருச்சுன்னா சாமிக்குக் கோவம்." வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

வடகம் எடுக்க மாடிக்குப் போனேன். வெட்டுத்துணிகளை மறந்தே போயிருந்தேன். அத்தனையும் வெளுத்துக் கிடக்கின்றன! சோப்புப் போட்டது, எலுமிச்சை போட்டது, ஒன்றுமே போடாதது, எல்லாம். கல்லைத் தூக்கினால், கல் இருந்த இடத்தில் மட்டும் வட்டமாக மஞ்சள் அப்படியே இருக்கிறது.

வெயில்! சேலத்து வெயிலைத் திட்டாத நாளில்லை. மஞ்சள் பட்ட பாவாடை கொடியில் வெளுப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். பார்த்தும் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை. ஏனென்றால் பாவாடையைக் கொடியில் போடலாம், சோபாவை எந்தக் கொடியில் போடுவது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மெத்தைக்குப் பின்புறம் ஜிப் இருக்கிறது. நேற்றுவரை அதைப் பார்க்கவே இல்லை. உறையைக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் இல்லை, வெறும் ஸ்பாஞ்ச். சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் வேறொரு சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்பாஞ்சில் மஞ்சள் ஒரே இடத்தில் கிணறு மாதிரி கீழ்வரை இறங்கியிருக்கிறது. சாய்மானத்தில் ஒரு துளி இல்லை. கைப்பிடியில் இல்லை. சுவரில் இல்லை, தரையில் இல்லை. சொம்புத் தண்ணீரை ஒருத்தர் மேல் வீசினால் இப்படியா விழும்? நான் கொழுந்தனார் மேல் ஊற்றியதில் எதிர்வீட்டு ஸ்கூட்டர் வரைக்கும் தெறித்தது. இது வீசியது இல்லை. குனிந்து, நிதானமாக, ஒரே இடத்தில் கவிழ்த்தது.

இன்னொன்றும் இருக்கிறது. கறை சோபாவின் இடது கோடியில். யுவா எப்போதும் உட்காருவது வலது கோடி, சார்ஜர் அங்கேதான் எட்டும். அன்று அவள் போட்டிருந்த சுடிதாரை நான்தான் துவைத்தேன். அதில் பொட்டு மஞ்சள் இல்லை. இதெல்லாம் அன்றைக்கே என் கண்ணில் பட்டதுதான்.

கை தவறிவிட்டதா? இல்லை…

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். ஸ்பாஞ்சை அலசிப் பிழிந்து, மாடியில் கிடந்த இரும்பு நாற்காலியில் சாய்த்து வைத்தேன். மூன்று மணிக்குத் திடீரென்று மழை. பாதி தைத்த ரவிக்கையோடு ஓடினேன். மஞ்சள் போன இடத்தில் இப்போது நாற்காலியின் துருக்கறை! தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல வேளை, அது அடிப்பக்கம். இரும்பு நாற்காலியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்று.

ஆகஸ்ட் 20, புதன்

இவர் சூடான இட்லிச் சட்டியைத் தேக்கு மேஜை மேல் வைத்து வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது. நான் விடுவேனா? பருத்தித் துணி விரித்து, மேலே இஸ்திரிப்பெட்டியை இளஞ்சூட்டில் ஓட்டி ஓட்டி எடுத்தேன். வட்டம் கரைந்து போனது. எனக்கே நம்ப முடியவில்லை. "மேஜைக்கு எதுக்குடி இஸ்திரி?" என்கிறார். மரத்துக்குள் போன ஈரம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று விளக்க ஆரம்பித்தேன். எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

உறை இரண்டு நாள் வெயிலில் பளிச்சென்று வெளுத்துவிட்டது. ஆனால் அவசரக் குடுக்கை நான், காயப்போடும் முன்னால் வெந்நீரில் அலசியிருந்தேன். சுருங்கிவிட்டது. ஜிப் நாலு விரல் எட்டவில்லை. மறுபடி பச்சைத் தண்ணீரில் நனைத்து, அரை ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சில் மாட்டி, நானும் ராமாயி அக்காவும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தோம். ஏறிவிட்டது. அக்காவுக்கு இப்போது அம்மன் குத்தமெல்லாம் மறந்து, "எங்கூட்டு மெத்தையையும் பாத்துக் குடு" என்கிறது.

சோபாவின் முன்பக்கத்தில் வழிந்த கறை மட்டும் பாக்கி. அந்தத் துணியில் ஜிப் இல்லை, பின் அடித்திருக்கிறது. ரவிக்கை போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியை வாசலில் சாய்த்து, வெயிலை அதில் பிடித்து ஹாலுக்குள் திருப்பிவிட்டேன். வெயில் நகர நகர நானும் கண்ணாடியை நகர்த்தினேன். தெருவில் போன பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தன.

ஆகஸ்ட் 23, சனி

தமிழரசு வந்தான். சேலத்துக் கடைகளுக்கு முட்டை லோடு வந்ததாம். எங்களுக்கு ஓர் அட்டை. யுவா ஆபீஸில். இவரும் இல்லை. கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அரசு, உட்காரு சாமி. ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அன்னிக்குக் கை தவறிடுச்சா, நீயா ஊத்துனியா?"

அவன் சோபாவைப் பார்த்தான். வெளுத்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"போயிருச்சுங்களா அத்தை? மன்னிச்சுக்கோங்க. சோபா பாழாப் போயிரும்னு அப்பத் தோணலைங்க."

"அதைக் கேக்கலை."

"நானாத்தானுங்க ஊத்தினேன். உள்ள வந்தேனுங்களா, யுவா என்னைப் பாத்துச்சு. அந்த மூஞ்சியப் பாத்தா… கோழி புடிக்க வாரவனப் பாக்கற மாதிரி பாத்துச்சுங்க. ஊத்தாம வெளிய போனா அம்மா உடாது. காலிச் சொம்போட போகணும். சோபாவுல கவுத்துட்டேன்."

"உனக்கு அவளைப் புடிக்காதா?" என்றேன்.

முட்டை அட்டையை மேஜையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தான். "புடிக்குங்க அத்தை. அதனாலதான் ஊத்தலைங்க."

காபி போட்டுத் தருகிறேன் என்றேன். வண்டி நிற்கிறது என்று கிளம்பிவிட்டான். படியில் நின்று, "அம்மாகிட்டச் சொல்லிராதீங்க. நான் சொல்லிக்கறேன், கொஞ்சம் ஆகட்டும்" என்றான். சரி என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

யுவாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பாஞ்சில் கிணறு, சுவரில் துளி இல்லாதது, சுடிதார், எல்லாவற்றையும் வரிசையாக, கண்டுபிடித்தவள் என்ற கர்வத்தோடு. தமிழரசு சொன்னதையும் சொன்னேன். பிடிக்கும் என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது.

யுவா மடிப்பதை நிறுத்தினாள்.

"ஏம்மா, அவரு எம்மேல ஊத்தலைன்னு எனக்குத் தெரியாதா? நான் அங்கதான நின்னேன்?"

"பின்ன ஏண்டி சொல்லல?"

"நீ கேட்டியா? சோபாவை மோந்து பாத்த. ஸ்பாஞ்சை அறுக்காத குறையாப் பாத்த. கண்ணாடிய வெச்சு வெயில் புடிச்ச. ரெண்டு வாரமா நான் இந்த ஊட்டுக்குள்ள எப்படி இருக்கேன்னு ஒரு நாள் என்ற மூஞ்சியப் பாத்தியா? அரசு மாமா ஒரு நிமிஷந்தான் பாத்தாரு."

இவ்வளவு வாக்கியங்களை அவள் சேர்ந்தாற்போலச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய், ஒன்றும் இல்லாத அடுப்பைத் துடைத்தேன். அழுகை வந்துவிட்டது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்பக் கேக்கறேன் சாமி. உனக்கு என்ன வேணும்?"

மடித்த துணிகளை ஒதுக்கி வைத்தாள். அப்புறம் சொன்னாள். சி.ஏ. பரீட்சை பாக்கி இருக்கிறது, அதை முடிக்க வேண்டும். கல்யாணம் வேண்டாம் என்றில்லை, இது வேண்டாம். "அரசு மாமா நல்லவருதாம்மா. நல்லவருங்கறதுக்காகக் கட்டிக்க முடியுமா?"

முடியாது என்றேன். சொன்ன பிறகுதான் இவரை நினைத்தேன், நங்கையாவை நினைத்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இவரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அக்கா மறுபடி போயிரும் வசந்தா" என்றார், சின்னப் பையன் மாதிரி. ராத்திரி பூராவும் புரண்டார். நானும்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நங்கையா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளோடு. போனில் சொல்லிவிடலாமா என்று இவர் கேட்டார். யுவாதான் வேண்டாம் என்றாள். "போன்ல கூப்பிட்டதுக்குத்தான அப்பக் கோவிச்சுட்டுப் போனாங்க. நேர்லயே சொல்றேன்."

நான் சொல்கிறேன் என்றேன். "நீ பக்கத்துல இரு, போதும்" என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நங்கையா பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். தமிழரசு கார் நிறுத்த நிழல் தேடிக்கொண்டிருந்தான். நங்கையா நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார். மெத்தையைத் தட்டிப் பார்த்தார். "கழுவிட்டயா?"

"வெயில் எடுத்துருச்சுங்க நங்கையா" என்றேன்.

யுவா வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்தை, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்க. யாரு மேலயும் கோவமில்லீங்க. எனக்கு வேண்டாம், அவ்வளவுதானுங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சே அம்மிணி" என்றார் நங்கையா.

"அவ மேல ஒரு சொட்டும் படலைங்க நங்கையா" என்றேன். "அத்தனையும் சோபா மேலதான்." அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்குக் கொடுத்த வாக்கு.

நங்கையா என்னையே பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். தமிழரசு செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"அவன் கல்லெடுத்தா மாங்கா தப்பாது" என்றார் மெதுவாக, யாரிடமோ சொல்வது போல. "சின்னதுல இருந்தே."

தமிழரசு நிமிரவே இல்லை.

நங்கையா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத் துடைத்த மாதிரி இருந்தது.

"அப்ப அந்தச் சோபாவையே மருமகளா அனுப்பி வையி வசந்தா. வெச்ச எடத்துல பேசாம உக்காந்திருக்கும்."

ஒருத்தருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. யுவாவுக்குத்தான் முதலில் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நங்கையா அவளை முறைத்தார்.

அப்புறம் எழுந்தார். இவரும் எழுந்து, "அக்கா…" என்று ஒரு அடி வைத்தார். நங்கையா வாசலுக்குப் போகவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஏம்புள்ள, ரசத்துக்கு இன்னும் தாளிக்கலையா? மணி என்னாச்சு?"

ஓடினேன். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு, அஞ்சறைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன்.